ஞாயிற்றுக்கிழமைக் குதிரை

“தீவனச் செலவுல பாதி நான் தாறேன். ஞாயிறு மட்டும் குதிரை எனக்காக்கும்,” என்றார் பக்கத்து வீட்டு ராஜதாஸ்.

பூவார் கடற்கரையில் குதிரைச் சவாரி விட்டுப் பிழைக்கும் கிரகோரி தயங்கினான். கூட்டம் வருவதே ஞாயிறுதான். ஆனால் கொள்ளு விற்கிற விலையில் பாதிச் செலவு மிச்சம். சம்மதித்தான்.

மனம் கேட்கவில்லை. அவரும் வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கப் போகிறாரோ? ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே அவர் தோட்டத்துக்குப் போனான்.

பலாமரத்தடியில் குதிரை, சேணமில்லாத முதுகை மண்ணில் புரட்டிக்கொண்டு கிடந்தது. சபையில் ஜெபம் முடிந்து வந்த ராஜதாஸ் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏறலியா அண்ணா?”

“எனக்கு ஏறத் தெரியாது மக்கா.”

“பின்ன எதுக்கு காசு தந்தீங்க?”

“நீ பூசைக்குப் போற, நான் சபைக்குப் போறேன். குதிரைக்கும் ஒரு ஞாயிறு வேண்டாமா?”