முகம் வீங்கியவள்

கூட்டம் வழி விட்டது.

வாசலில் கால் வைத்ததும் அவள் முகத்தைப் பார்த்து யாரோ உச்சுக் கொட்டினார்கள். அதைக் கேட்டு இன்னொருத்தி மூக்கைச் சிந்தினாள்.

ஐஸ் பெட்டிக்குள் அக்கா. சண்முகவடிவு. நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

அவள் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். கதற வாயைத் திறந்தாள். கன்னத்துக்குள் சுருக்கென்று இழுத்தது. வாய் தானாக மூடிக்கொண்டது.

உள்ளே நூல்.

கன்னத்துக்குள் நூல் விட்டு மேலே தூக்கி, குழி விழுந்த இடங்களை ஊசியால் நிரப்பியிருந்தார் மதுரை டாக்டர். நூல் மட்டும் போட்டால் இழுத்துக் கட்டின மாதிரி இருக்கும், ஊசி மட்டும் போட்டால் உப்பின மாதிரி இருக்கும், இரண்டும் சேர்ந்தால்தான் களை வரும் என்றார். வந்த களையைத்தான் ஊரே பார்க்கிறதே. கன்னம் இரண்டும் பன்னு மாதிரி. கண்ணுக்குக் கீழே கன்றிப்போய்ப் பச்சை.

சத்தமாகச் சிரிக்காதீர்கள், வாயைப் பெரிதாகத் திறக்காதீர்கள், கன்னத்தில் யாரையும் கை வைக்க விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். அழுகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. அழகாகப் போகிறவள் அழுகையைப் பற்றி எங்கே கேட்பாள்?

பின்னால் பேசிக்கொண்டார்கள். நேற்றிலிருந்து அழுதிருக்கிறாள், மூஞ்சியைப் பாரு, எப்படி வீங்கிக் கிடக்கு என்றாள் ஒருத்தி. கூடப்பிறந்த பாசம் என்றாள் இன்னொருத்தி. இந்தக் காலத்தில் யார் இப்படி அழுகிறார்கள் என்றார்கள். யாரையும் லேசில் நல்லவள் என்று சொல்லிவிடாத அக்காவின் நாத்தனார்கூட, பாவம் என்றாள்.

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

எல்லாம் ஒரு கல்யாண வீட்டில் தொடங்கியது. பந்தியில் அக்காவும் தங்கையும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி இவளைக் காட்டி, இவங்கதான் மூத்தவங்களா என்று அக்காவிடம் கேட்டாள். அக்காவுக்குச் சிரிப்புப் பொறுக்கவில்லை. புரை ஏறுகிற வரைக்கும் சிரித்தாள். இவளும் சிரித்து வைத்தாள். அன்றைக்குக் குடித்த பாயசம் தொண்டையை விட்டு இறங்கவே இல்லை.

அடுத்த கல்யாணத்தில் அக்கா பக்கத்தில் தலை நிமிர்ந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்குத்தான் சொந்தக் காசில் சூனியம். புருஷனிடம் மட்டும் சொன்னாள். அவரும் யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

வீங்கின முகத்தோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது போன் வந்தது. அக்காவுக்கு நெஞ்சு வலி, திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, ஆபரேஷனாம். அக்காவே பேசினாள். ஏட்டி, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன் என்றாள்.

காய்ச்சல் என்றாள் இவள். வாயைத் திறக்காமல் பேசியதில் காய்ச்சல்காரி குரல் நன்றாகவே வந்தது.

கஞ்சி குடி, வெளியே அலையாதே என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.

போயிருக்கலாம். முந்தானையால் மூடிக்கொண்டாவது போயிருக்கலாம். அக்கா சிரித்திருப்பாள், வேறென்ன செய்திருப்பாள்? அந்தச் சிரிப்புக்குப் பயந்துதானே போகவில்லை. பாவி. படுபாவி.

சாவு விழுந்த துட்டி வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவள் உட்கார்ந்திருக்கிறவளைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து அழுவாள். அப்படி அழுதால்தான் மனசு கொஞ்சமாவது ஆறும்.

மேலத்தெரு மதினி இவளைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு வந்தாள்.

இவள் கை சட்டென்று கன்னத்துக்கு முன்னால் போய் நின்றது.

அக்கா செத்துக் கிடக்கிறாள். கை கன்னத்தைக் காக்கிறது.

அந்தக் கையைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் இறக்க முடியவில்லை.

அக்கா மகள் செண்பகா அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்து இவளை ஒட்டி உட்கார்ந்தாள். காதோரம் குனிந்து, இவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அம்மாவுக்குத் தெரியும் சித்தி. சித்தப்பா போன்ல சொல்லிட்டாவ. வீக்கம் வடிஞ்ச பொறவு அவளா வரட்டும், யாரும் அவளைக் கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனா."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

செண்பகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகவே பேசினாள். சித்தி அழுது அழுது ஓஞ்சிட்டா, உடம்பும் சரியில்ல, இனிமே அவளை யாரும் கட்டிப் பிடிச்சு அழ வைக்காதீங்க என்றாள்.

பெண்கள் தலையாட்டினார்கள். மதினி விரித்த கையை மடக்கிக்கொண்டு செண்பகாவின் தோளில் போய் விழுந்தாள். அதற்குப் பிறகு வந்தவர்களும் இவளைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் கட்டிக்கொண்டு, அக்காவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

இவள் கையைக் கன்னத்திலிருந்து எடுத்தாள்.

வாசலில் இன்னொருத்தி வந்தாள். அக்காவோடு தினமும் கோயிலுக்குப் போகிறவள். இவள் அவளைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தாள்.

நீ அழுதது போதும் தாயி என்று சொல்லிவிட்டு, அவளும் சுற்றிக்கொண்டு போனாள்.