பிடிபடாத கோளாறு

ஜீப்பின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கலைமதி அப்பாவைப் பார்த்தாள். அவர் மரவள்ளிக் காட்டைப் பார்த்தார்.

இனிகோவைக் கட்டிக்கொண்டு அவள் அரூருக்குப் போனதிலிருந்து மாதப்பன் மகளோடு பேசுவதில்லை. கும்பிடுகிற சாமி வேறு, சாதி வேறு, போதாததற்கு அவருடைய வீம்பு. ஆனால் சித்தேரி அடிவாரத்துக் கல்லும் மேடுமான தடத்துக்கென்று ஆசையாக வாங்கிய ஃபோர்வீல் ஜீப்புக்கு வீம்பெல்லாம் தெரியுமா? பொங்கல் முடிந்ததிலிருந்து அது அடிக்கடி விடியும்போதே செத்துக் கிடந்தது.

உடனே அவளுடைய எலக்ட்ரிகல் கடைக்குப் போன் வரும். வண்டி கிளம்பலைங்க, ஆள் வரணுங்க. பெற்ற மகளுக்கு 'ங்க' போடும் வாடிக்கையாளர்.

அவளும் ஓடி வருவாள். ஒயர் ஒயராகத் தடவிப் பார்ப்பாள். மீட்டரை வைத்துக் கரண்ட் எங்கே கசிகிறது என்று தேடுவாள். ஒன்றும் அகப்படாது. கொண்டுவந்த பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பிக் கொடுத்துவிட்டு, அம்மா காசியம்மாள் நீட்டும் காபியைக் களத்தில் நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்புவாள். அப்பா உள்ளே கூப்பிட மாட்டார்.

இன்று புது பேட்டரியோடு வந்திருந்தாள். பழையது இனித் தாங்காது. இதைப் போட்டால் வண்டி வருஷக்கணக்கில் மக்கர் பண்ணாமல் ஓடும். அப்புறம் இந்த வீட்டுப் பக்கம் வர அவளுக்கு என்ன வேலை இருக்கிறது? ஸ்பானரை வேண்டுமென்றே மெதுவாகத் திருப்பினாள்.

பழையதை இறக்கி, புதியதை வைத்து, பாசிட்டிவை இறுக்கினாள். நெகட்டிவ் தொட்டதுதான் தாமதம், முன்னாலிருந்த சின்ன விளக்குகள் இரண்டும் எரிந்தன.

சாவி அவள் பாக்கெட்டில் இருந்தது.

பின்னால் போனாள். பின்விளக்குகளின் மேல் கோணிப்பை போர்த்தியிருந்தது. முன்விளக்குகளின் மேலும் ஒன்று இருந்தது. பானெட்டைத் திறக்கும்போது அவள்தான் அதை எடுத்துக் கீழே போட்டிருந்தாள். கோழி ஏறாமலிருக்கப் போட்டவை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது கோணியின் இழைகளுக்குள் வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது.

கதவைத் திறந்தாள். பார்க்கிங் லைட் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. ராத்திரி போட்ட மனிதர், அவள் வருவதற்குள் அணைத்துவைக்க மறந்துவிட்டார்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வண்டிக்குள் தலையை விட்டபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவிட்சை அணைத்தாள்.

"என்ன கோளாறுன்னு இன்னும் புடிபடலைங்க. அடுத்த வாரமும் வந்து பாக்கணும்."

மாதப்பன் எரிந்து அணைந்த விளக்குகளைப் பார்த்தார். பிறகு மரவள்ளிக் காட்டிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஒரு ஆளாப் பாத்தா எங்க புடிபடும்? உன் வூட்டுக்காரரயும் கூட்டிக்கிட்டு வா."

இனிகோ அரூரில் தையல்கடை வைத்திருக்கிறான். வண்டியில் பேட்டரி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. பொங்கலுக்கு அவன் தைத்தனுப்பி, கையால்கூடத் தொடமாட்டேன் என்று அப்பா தள்ளிவிட்ட சட்டை, துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.