பூட்டிய மழைமானி

புரட்டாசி முதல் வாரத்தில் மழையில்லை என்றது வானிலை அறிக்கை. வானமும் தெளிந்திருந்தது. மாட்டுப்பட்டி அருகே எஸ்டேட்டில் தினமும் காலையில் மழைமானியை அளப்பவர் பாண்டீஸ்வரன். திங்களன்று அதில் நாற்பது மில்லிமீட்டர் தண்ணீர் இருந்தது. யாரோ ஊற்றியிருப்பார்கள் என்று மானியைச் சுற்றியிருந்த வேலியின் கதவைப் பூட்டினார். செவ்வாய் எண்பது. புதன் நூற்றறுபது. பூட்டு அப்படியே இருந்தது.

சாமியைக் கும்பிட்டுவிட்டு, ஓடைக்கரையின் கடைசி வீட்டில் கைக்குழந்தையோடு தனியே இருந்த ஆனந்தியிடம் போனார்.

"மானியில தண்ணி ஏறுது தாயி. பிள்ளையத் தூக்கிட்டு இன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்திரு."

"வெயிலு பல்லைக் காட்டுது, மழைங்கிறீகளே அண்ணே! மதினி கேட்டா சிரிப்பாக."

"சிரிக்கட்டும். நீ வா."

வந்தாள்.

வியாழன் காலை மழைமானி காலியாக இருந்தது. மழை பெய்திருக்கவில்லை. ஆனந்தி தன் வீட்டைத் திறந்தாள். தரை காய்ந்திருந்தது. உத்தரத்தில் தொங்கிய சேலைத் தொட்டிலில் தண்ணீர் விளிம்புவரை நின்றது. ஒரு சொட்டும் கீழே விழவில்லை.