கால் மணி நேரம்

நாற்பது மூட்டை எருவையும் அவனே லாரியில் ஏற்றினான்.

அன்றைக்கும் நாற்பதுதான். ஒரு மூட்டை குறைந்தாலும் சோதனை பொய்யாகிவிடும் என்றான்.

மாதம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுடைய அக்கா. அவள் கணவர் நஞ்சுண்டன் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

இறந்த அன்று காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தது. மசினகுடியைத் தாண்டிக் காட்டோரம் இருந்த அந்த ஏழு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே வண்டி, ஊட்டித் தோட்டங்களுக்கு எரு ஏற்றிப்போகும் இவனுடைய சின்ன லாரி. மூட்டைகளை இறக்கினால் நேரம் போகும் என்று பாரத்தோடு கிளம்பினான்.

கல்லட்டி ஏற்றத்தில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள்.

நாலு சிலிண்டர் இன்ஜின். முதல் கியரிலேயே முக்கி முனகியது. புகை கக்கியது. நடந்துபோகிறவன் முந்திவிடுவான் போல ஏறியது. நஞ்சுண்டனின் தலை மாதம்மாளின் மடியில் இருந்தது.

ஊட்டி ஆஸ்பத்திரி வாசலுக்கு வர ஒரு மணி இருபது நிமிடம் ஆனது.

டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம்.

அதை அக்காவிடம் சொல்ல அவனுக்கு ஒரு மாதம் ஆனது. சொன்ன அன்று இன்னொன்றையும் சொல்லிவிட்டான். இன்ஜினுக்குள் காற்றைக் கூடுதலாகத் தள்ளி இழுவையைக் கூட்டுகிற டர்போ ஒன்றை வைத்துவிடு, ஏற்றத்தில் இப்படித் திணறுகிறதே என்று மாமா போன வருடமே சொல்லியிருந்தார். சின்ன இன்ஜின் தாங்காது, அப்புறம் பார்க்கலாம் மாமா என்று இவன்தான் தள்ளிப்போட்டான்.

மாதம்மாள் அடுப்பைப் பார்க்க எழுந்துபோய்விட்டாள்.

அதன்பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

மேட்டுப்பாளையத்தில் சகாயராஜின் பட்டறையில் ஐந்து நாள் கிடந்தான். பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போ. அதற்கு எண்ணெய் போக மெல்லிய குழாய் ஒன்று. அழுத்தம் கசியாமல் இருக்கப் புது ஹெட் கேஸ்கட். காற்றழுத்தம் அரை கிலோவைத் தாண்டக் கூடாது என்று சகாயராஜ் திரும்பத் திரும்பச் சொன்னார். ரேஸுக்குப் போகிற வண்டி இல்லை, பத்து வருடம் பாரம் இழுக்க வேண்டிய வண்டி. டீசலையும் கொஞ்சம்தான் கூட்டினார். இத்தனை சின்ன வேலையா என்று அவன் கேட்டான். இவ்வளவுதான் என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டு அவன் பட்டறைக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றான்.

இப்போது அதே பாரம். அதே பாதை.

செல்போனை அக்காவிடம் கொடுத்தான். அதில் நேரம் ஓடத் தயாராக இருந்தது.

"நீயே பாருக்கா. ரோட்டைத் தவிர நான் எதையும் பாக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்சே ஆகணும்."

அவள் ஏறி உட்கார்ந்தாள்.

முதல் வளைவிலேயே வித்தியாசம் தெரிந்தது. இன்ஜினுக்குள்ளிருந்து மெல்லிய விசில் எழுந்தது. இரண்டாவது கியருக்கு மாறியது. நீளமான ஏற்றங்களில் மூன்றாவது. புகை இல்லை. முக்கல் இல்லை. மரங்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினான்.

பத்தொன்பதாவது வளைவில்தான் நஞ்சுண்டன் தண்ணீர் கேட்டார். இருபத்தேழில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இரண்டு இடங்களையும் அவள் சரியாகப் பார்க்கும் முன்பே லாரி தாண்டிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசல்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

ஐம்பத்தேழு நிமிடம்.

அவன் திரும்பவில்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. டர்போ சூடு ஆறும்வரை இன்ஜினை அணைக்கக் கூடாது. அது நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய கழுத்து நரம்பு துடிப்பதை அவள் பார்த்தாள். மூன்று மாதத்தில் எவ்வளவு மெலிந்துவிட்டான்.

"ஒரு மணி பன்னெண்டு நிமிஷம்" என்றாள்.

அவன் அசையவில்லை.

"எட்டு நிமிஷம்தான் மிச்சமாச்சு. இது அன்னைக்கே இருந்திருந்தாலும் பத்தியிருக்காது, தம்பி."

அவன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தான். முதுகு குலுங்கியது. மாமா செத்த அன்றுகூட அவன் இப்படி அழவில்லை. அவள் ஒரு கையை அவன் முதுகில் வைத்தாள். மறுகையின் கட்டைவிரல் செல்போனில் இருந்த நேரத்தை அழித்தது.

பாதை முழுக்க எந்தக் கியரில் ஏறினோம் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் செல்போனைக் காட்டு என்று அவன் கேட்கவில்லை.

கேரட் தோட்டத்தில் எருவை இறக்கினார்கள். தோட்டக்காரர் கொடுத்த டீயைக் குடித்தான். கூடவே இரண்டு பன்னும் சாப்பிட்டான். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே இருந்தாள்.

பிறகு லாரியின் கதவைத் திறந்துவைத்து, ஏறுக்கா என்றான்.

"நீ போ. நான் பஸ்ல வந்துக்கறேன்."

தலைசுற்றலா என்று கேட்டான். ஆமாம், வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். செல்போனை அவன் சட்டைப்பையில் வைத்தாள். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடு, மாடு கத்தும் என்றாள்.

லாரி சந்தை முனையில் திரும்பும்வரை நின்று கையசைத்தாள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். மசினகுடி பஸ் வந்தது. கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவினார். ஆட்கள் ஏறினார்கள். பஸ் புறப்பட்டுப் போனது. அவள் மனதுக்குள் எண்பதிலிருந்து ஐம்பத்தேழைக் கழித்தாள்: இருபத்துமூன்று, கால் மணி நேரத்துக்கும் மேலே.

அடுத்த பஸ் வந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை.