நான்கு நொடி

விபத்துக்குப் பிறகு பிரிட்டோவின் மூச்சையும் பேச்சையும் நடையையும் மருத்துவமனைக் கணினிதான் நடத்திவந்தது. ஃபைபர் கேபிள் வழியாக வீட்டு ரவுட்டருக்கும், அங்கிருந்து அவன் உடலுக்கும் நொடிதோறும் கட்டளை வரும். தூத்துக்குடியில் சாலையைத் தோண்டாத நாளில்லை. கேபிள் அறுந்துவிட்டால் என்ன ஆவது என்ற பயத்தில் அவன் மனைவி மெர்சலின் நிம்மதியாகத் தூங்கி ஆறு வாரமாயிற்று.

அன்று காலை முப்பிடாதி என்ற டெக்னீஷியன் வந்தாள். எல்லோரும் கைவிட்ட பழைய தொலைபேசிக் கம்பியைத் தேடிப்பிடித்து, அதை இரண்டாவது வழியாக ரவுட்டரில் இணைத்தாள்.

“இது பழைய லைன், அக்கா. மூணும் இதுல போகாது. மூச்ச முதல்ல வச்சிட்டேன். இன்னும் ஒண்ணுக்குத்தான் இடம் இருக்கு. பேச்சா, நடையா?”

“நடை,” என்றாள் மெர்சலின்.

“பேச்சு,” என்றான் பிரிட்டோ. “நடக்க முடியலன்னா உன்னயக் கூப்பிடலாம்லா?”

முப்பிடாதி சிரித்துக்கொண்டே பேச்சையே பதிந்தாள். “இப்ப மெயின் கேபிளக் கழட்டிப் பாக்கணும். லைன் மாற நாலு செகண்ட் ஆகும். அதுவரைக்கும் மூச்சு நிக்கும். பயப்படாதீங்க, வந்துரும்.”

கழற்றினாள். பிரிட்டோவின் நெஞ்சு அசைவற்று நின்றது. மெர்சலின் கண்ணை இறுக மூடிக்கொண்டு எண்ணினாள். நான்கு என்றபோது அவன் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. கால்கள் மட்டும் துவண்டு கிடந்தன.

“இன்னொரு தடவ பாத்துருவோம்,” என்றான் அவன். “இந்தத் தடவ இவ கழட்டட்டும்.”

முப்பிடாதி கேபிளை மறுபடி மாட்டிவிட்டு விலகி நின்றாள். மெர்சலின் கேபிளைப் பிடித்தாள். அவன் நெஞ்சையே பார்த்தபடி, கண்ணை மூடாமல், அவளே அதைப் பிடுங்கினாள்.