வெண்ணெய்க் கை

"மிச்சம் வைக்காதே. எல்லாத்தையும் கொட்டிப் பிசை."

அம்மா மாவு டப்பாவைக் கவிழ்த்து அடியைத் தட்டினாள். சர்க்கரை டப்பாவுக்கும் அதே கதி. மேசையில் ஐந்து தட்டு பிஸ்கட் ஆறிக்கொண்டிருந்தது. ஓவனில் ஆறாவது தட்டு.

மகள் தட்டுகளை எண்ணிப் பார்த்தாள். பண்டிகை விடுமுறைக்கு இரண்டு தட்டுக்கு மேல் அம்மா என்றைக்கும் சுட்டதில்லை. இத்தனையும் தனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த முறை அவள் விடுமுறைக்கு வரவில்லை. போன மாதம் விவாகரத்து ஆகிவிட்டது. வாடகை அறையைக் காலி செய்து, இருந்ததையெல்லாம் இரண்டு பெட்டிகளில் அடைத்துக்கொண்டு, இங்கேயே தங்கிவிட வந்திருந்தாள். அச்சகத்துக்குப் பிழை திருத்தும் வேலை. அதை எந்த மேசையில் உட்கார்ந்தும் செய்யலாம். மேசைதான் வேண்டும். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

விஷயம் தெரிந்தவன் தம்பி ஒருவன்தான். அம்மாவிடம் தானே பக்குவமாகச் சொல்வதாகவும், அதுவரை அவள் வாயைத் திறக்க வேண்டாமென்றும் போனில் சொல்லியிருந்தான். சொன்னானா என்று தெரியவில்லை. காலையில் வாசலில் அம்மா பெட்டிகளைப் பார்த்தாள், மகளின் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அப்பா இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

மதியச் சாப்பாடு விசித்திரமாக இருந்தது. அரைக் கோப்பை மக்ரோனி, இரண்டு முட்டை, ரொட்டியின் காய்ந்த ஓரத்துண்டுகள். ஜாம் பாட்டிலை அம்மா கரண்டிக் காம்பால் சுரண்டி வழித்துக் கொடுத்தாள்.

"பிஸ்கட் மலையா குவிஞ்சு கிடக்கு, சோத்துக்கு மட்டும் பஞ்சமா?" என்றாள் மகள்.

"இருக்கிறது தீரட்டும்" என்றாள் அம்மா.

மூன்று மணிக்கு எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்தாள். அம்மா ஒரு டப்பா நிறைய பிஸ்கட்டைக் கொடுத்து, டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம் என்றாள். தையல்காரம்மாவின் கண் கலங்கியது. போகிற போக்கில் மகளின் தோளைத் தொட்டாள்.

"மனசைத் தேத்திக்கோம்மா. எங்க இருந்தாலும் நல்லா இருங்க."

மகளுக்குச் சுருக்கென்றது. ஆக, தம்பி சொல்லிவிட்டான். அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். பெற்ற மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவளுடைய முறிந்த கல்யாணத்தை பிஸ்கட்டோடு சேர்த்து வீடுவீடாகப் பங்கு போட்டிருக்கிறாள்.

ஆனாலும் அவள் பிசைவதை நிறுத்தவில்லை. மாவு மேசைக்கு வந்துவிட்டால் கையை எடுக்கக் கூடாது, வெண்ணெய் இளகிவிடும். அது அம்மாவின் சட்டம். போன வருடம் இதே மேசையில், அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், தம்பி ஒரு கட்டுத் தாளை நீட்டினான். அம்மாவின் மருத்துவக் காப்பீடு என்றான்.

"உன் தொழில் புத்தியைக் காட்டி எழுத்தெழுத்தாப் படிக்க உக்காராதேக்கா. வெண்ணெய் உருகிடும். போட்டுட்டு வேலையைப் பாரு."

அவள் சிரித்தபடி, அவன் விரல் வைத்த இடங்களிலெல்லாம் பிசைந்த கையோடு கையெழுத்துப் போட்டாள். பெருவிரல் பட்ட இடத்தில் எண்ணெய் வட்டமாக ஊறியது. காய்ந்தால் போய்விடும் என்று தம்பி ஊதிக்கொண்டே எடுத்துப் போனான். அவ்வளவு செல்லமாகப் பேசியவன்தான் இன்று அக்காவின் மானத்தைத் தெருவில் விட்டிருக்கிறான்.

கடைசித் தட்டை ஓவனுக்குள் தள்ளியதும் அவள் கையைக் கழுவினாள்.

"தெருவே என்னைப் பாத்துப் பரிதாபப்படுது. நீ மட்டும் என்கிட்ட ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

"உன்கிட்ட என்னத்தைக் கேக்கறது? எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சதுதான். அவரும் நானும் பிரிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. நான் இனிமே இங்கதான்மா இருக்கப்போறேன்."

அம்மாவின் கையிலிருந்த துணி நழுவியது.

"பிரிஞ்சாச்சா? என்னடி சொல்றே?"

அம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. தையல்காரம்மாவுக்கும்தான். மகள் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். காலி டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அலமாரியில் ஒரு பிடி உப்புகூட இல்லை.

ஓவனில் மணி அடித்தது. இருவரும் அசையவில்லை. மெல்லக் கருகல் வாசம் பரவியது.

"இங்க எப்படிடி இருப்பே? திங்கக்கிழமை சாவியைக் குடுக்கணும். வீட்டை வித்தாச்சு."

"என் பங்கும் இருக்கிற வீட்டை, என்னை ஒரு வார்த்தை கேக்காமலா?"

அம்மா அவளைப் பார்த்தாள். காலையில் வாசலில் நின்று பார்த்த அதே பார்வை. அது இரக்கமல்ல என்று மகளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"வீட்டை விக்கிற தாள்ல உன் வெண்ணெய்க் கறையைப் பாத்துட்டுத்தானேடி நானும் கையெழுத்துப் போட்டேன்."