பட்டை வீக்கம்

"பொம்பளை டாக்டரா? டேய், உனக்கு மண்டை கிண்டை குழம்பிப்போச்சா?"

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சிலிருந்து அப்பா பாதி எழுந்துவிட்டார். மகன் அவர் முழங்கையைப் பிடித்து மறுபடியும் உட்கார வைத்தான்.

"காட்டப்போறது நான். உங்களுக்கு என்னப்பா கூச்சம்?"

"இருபது வயசு ஆம்பளப் பய, மாருல கட்டின்னு ஒரு பொம்பளை முன்னாடி சட்டையைக் கழட்டுவியா? லாரியில இருக்குற பயலுங்களுக்குத் தெரிஞ்சா ஒரு வருஷத்துக்கு வச்சுச் சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். வாயி அவங்களோடது. உடம்பு என்னோடது."

இருவருக்கும் ஒரே வேலை. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது. பீரோவோ ஃபிரிட்ஜோ, மார்புக்குக் குறுக்கே பட்டையை இறுக்கி, முதுகில் சுமந்து மாடிப்படி ஏற வேண்டும். மூன்று மாடி மூச்சு வாங்காமல் ஏறுவார் என்பதால் அப்பாவுக்கு 'கிரேன்' என்று பட்டப்பெயர். மகன் சின்ன கிரேன். இந்தத் தொழிலில் மாரில் எங்கே வீங்கினாலும் அதற்குப் பெயர் பட்டை வீக்கம். அதற்கு மருந்து தைலம். இதைப் போய் டாக்டரிடம் காட்டியவன் என்று ஒருத்தனும் கிடையாது. காட்டினால் மானம் கப்பலேறிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

"இது பட்டை வீக்கம்டா. நல்லா அழுத்தித் தைலம் தேய்."

"மாசக்கணக்கா தேய்ச்சாச்சு. ரெண்டு பக்கமும் காம்புக்குக் கீழே பொத்தான் மாதிரி அப்படியே இருக்கு. தொட்டா வலிக்குது."

"சரி, போய்க் காட்டித் தொலை. துணைக்கு நான் எதுக்கு? நீ என்ன பால்குடிப் பயலா?"

"நீங்க வந்தாத்தான் நான் உள்ள போவேன். வரலைன்னா நாளையிலேர்ந்து பட்டையைத் தொட மாட்டேன். வேற ஆளைப் பார்த்துக்குங்க."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் பையன். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று அப்பாவுக்குத் தெரியும் என்பதால் மேற்கொண்டு வாதாடவில்லை. தவிர, வெளியே சொல்லாத பயமும் அவருக்கு இருந்தது. ஒற்றைப் பிள்ளை. சாதாரண வீக்கத்துக்கு இவன் இப்படி அடம் பிடிக்கிறவன் இல்லையே என்று நினைத்துக்கொண்டார்.

அழைப்பு வந்தது. இருவரும் உள்ளே போனார்கள்.

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் மகன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டான். அப்பா அவசரமாகத் திரும்பி, சுவரில் தொங்கிய குடல் படத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினார்.

"ஐயா, அங்க என்ன பார்க்குறீங்க? இங்க வாங்க. நீங்களும் தொட்டுப் பாருங்க."

"நானா? எதுக்கும்மா?"

"பெத்த பிள்ளைதானே? கையைக் கொடுங்க."

வேறு வழியில்லாமல் விரல் வைத்தார். எத்தனையோ வருஷம் கழித்து மகனின் வெற்று மார்பில் கை வைக்கிறார். அவருக்கு என்னவோ செய்தது.

"ரப்பர் மாதிரி இருக்கா? நகருதா?"

"ஆமாங்க."

"வளர்ற வயசுல பசங்க நிறைய பேருக்கு இது வரும். உடம்புல சுரக்கறது கொஞ்சம் முன்னபின்ன ஆனா இந்த இடம் தடிக்கும். பெரும்பாலும் தானா கரைஞ்சிடும். கண்ட மாத்திரை, ஜிம் ஊசி எதுவும் போட்டுக்கலைன்னும் சொன்னான். கரையாம பெரிசானா மட்டும் மறுபடி வரட்டும்."

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டே விட்டார். "கேன்சர் கீன்சர்னு எதுவும்..."

"இது அது இல்லை."

"ஆம்பளைக்கு அதெல்லாம் வராதுல்லம்மா?"

"யாருங்க சொன்னது? அபூர்வம்தான், ஆனா வரும். வயசு ஏற ஏறத்தான் பயம். ஒரே பக்கமா, கல்லு மாதிரி கெட்டியா இருக்கும். நகராது. பல பேருக்கு வலியும் இருக்காது. வலிக்கலையேன்னுதான் ஆம்பளைங்க பேசாம விட்டுடறாங்க. சீக்கிரம் வந்தா நல்லபடியா வைத்தியம் பண்ணிடலாம். வந்தாத்தானே?"

அப்பா குடல் படத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு, "சரிம்மா, ரொம்ப சந்தோஷம். லாரி நிக்குது, கிளம்புறோம்" என்று கதவை நோக்கி நடந்தார்.

அதற்குள் மகன் கட்டிலிலிருந்து குதித்து, கதவை மறித்துக்கொண்டு நின்றான். கையில் பிடித்த சட்டையை இன்னும் போடவில்லை.

"நகருடா."

"மாட்டேன்."

"வழியை விடுடா, விளையாடாதே."

"தினம் காலையில உங்க மாருல பட்டையை வச்சு இறுக்குறது யாருப்பா? நான்தானே? என் கைக்குத் தெரியாதா?" அவன் குரல் உடைந்தது. ஆனால் கால் அசையவில்லை.

"அது... அது பட்டை வீக்கம்டா" என்றார் கிரேன். சத்தமே வரவில்லை.

டாக்டரம்மா கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டே சொன்னார். "உங்க பையனைப் போன வாரமே பார்த்து, பயப்பட ஒண்ணுமில்லைன்னு அனுப்பிட்டேன்யா. இன்னிக்கு அவன் கூட்டிட்டு வந்தது உங்களைத்தான், வந்து படுங்க."